டைகர் 131: டீகால் ஓரத்தில் வெள்ளி பூக்கிறது, எண் சிவப்பா கறுப்பா, பனைமரம் ஒட்டலாமா?

சேலம்_ஸ்ப்ரூ

எல்லோருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் மாடல்களில் இத்தனை நாள் விமானம் மட்டுமே செய்துகொண்டிருந்தேன். முதல் முறையாக ஒரு ஜெர்மன் டாங்கியில் கை வைத்திருக்கிறேன். 1/35 (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) அளவில் டைகர், துனீசியா, 1943. பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகிறது. மணல் நிறம் எனக்கே பிடித்த மாதிரி வந்திருக்கிறது. நேற்று ராத்திரி டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) ஒட்ட உட்கார்ந்தேன். அங்கேதான் வம்பு.

கோபுரத்தின் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) இடப்பக்கம் 131 ஒட்டினேன். ஈரமாக இருந்தவரை அருமை. காலையில் பார்த்தால் எண்களைச் சுற்றியும் இடுக்கிலும் மீன் செதில் மாதிரி ஒரு பளபளப்பு. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது அப்பட்டமாகத் தெரிகிறது.

வலப்பக்கக் கதை வேறு. என் ஷீட்டில் எண்கள் தனித்தனியாக வருகின்றன. சேலத்து வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. கடைசி 1-ஐத் தாளிலிருந்து நழுவவிட்டேன், பிரஷ் நுனியில் தொங்கியது, அடுத்த நொடி காணோம். அரை மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினேன். அம்மா வந்து "என்னடா தொலைச்சே?" என்றார். "ஒண்ணு" என்றேன். "அதான், எது ஒண்ணு?" என்று கேட்டார். இதற்கு மேல் என்ன சொல்ல?

சரி, மூன்று கேள்விகள். அந்த வெள்ளிப் பளபளப்பை இனிமேல் போக்க முடியுமா? கையேட்டில் எண் சிவப்பு, வெள்ளை ஓரம் என்று இருக்கிறது, ஆனால் நான் பார்த்த பழைய படத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, எது சரி? மூன்றாவது, ஷீட்டில் ஒரு பனைமரச் சின்னமும் இருக்கிறது. ஆப்பிரிக்கா தானே, ஒட்டிவிடலாமா?

தூரிகை

டீகாலுக்கு முன்னால் கிளாஸ், அதாவது பளபளப்பு வார்னிஷ் அடித்தீர்களா தம்பி? அடிக்கவில்லை என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாதது, நம் கண்ணுக்குத்தான் சமதளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாத ரோடு. டீகாலின் படலம் அந்த மேடுகளின் மேல் மட்டும் உட்காரும். பள்ளங்களில் காற்று தங்கும். அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நீங்கள் சொல்லும் மீன் செதில். விமானத்தில் உங்களுக்கு இது வராததற்குக் காரணம், அங்கே பளபளப்பான பெயின்ட்டின் மேல் ஒட்டியிருப்பீர்கள்.

ஒட்டியதை இன்னும் காப்பாற்றலாம். மிக மெல்லிய ஊசியால், தையல் ஊசி கூடத் தடிமன்தான், வெள்ளி பூத்த இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் குத்துங்கள். அதன் மேல் டீகால் மிருதுவாக்கும் திரவத்தைப் பிரஷ்ஷால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். காய்ந்ததும் மறுபடி. மூன்று நான்கு முறை ஆகலாம். திரவம் பட்டதும் டீகால் சுருங்கி அவலட்சணமாகும், பதறி விரல் வைத்தால் கிழிந்து கையோடு வரும். விட்டுவிட்டால் தானே காய்ந்து இழுத்துக்கொள்ளும். இந்தப் பொறுமை எனக்கு வர ஐந்தாறு டாங்கிகள் பலியாயின.

மீனாள்72

தூரிகை சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். ஆறு மாதம் ஒவ்வொரு டீகாலைச் சுற்றியும் வெண்மையாக ஒரு வளையம் வந்துகொண்டே இருந்தது. வார்னிஷ்ஷைச் சந்தேகப்பட்டேன், பெயின்ட்டைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் பாத்ரூம் வாளியின் உள்பக்கத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. உப்புக் கறை! அன்றிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்று என் மேஜையில் நிரந்தரமாக இருக்கிறது.

நான் செய்யும் முறை இது. பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் கிளாஸ், இரண்டு மெல்லிய கோட், ஒரு நாள் காத்திருப்பு. டீகாலை அச்சை ஒட்டி வெட்டுகிறேன், ஓரத்து வெற்றுப் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து விநாடி முக்கி எடுத்து, ஒரு டிஷ்யூவின் மேல் ஒரு நிமிஷம் விடுகிறேன். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் கீழே இருக்கும் பசையெல்லாம் கரைந்து போய்விடும். ஒட்டும் இடத்தில் முதலில் செட்டர், டீகால் நன்றாகப் பிடிக்க உதவும் திரவம். அதில் வினிகர் வாசனை அடிக்கும், ஏனென்றால் அதன் சாரமே மெல்லிய அசெட்டிக் அமிலம்தான். டீகாலை நகர்த்தி நிறுத்தி, ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு மேலே சாஃப்ட்னர், தூரிகை சார் சொன்ன மிருதுவாக்கும் திரவம். இரண்டு பாட்டிலையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். மளிகைக்கடை வினிகரைத் தண்ணீர் கலந்து செட்டருக்குப் பதிலாக வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். சாஃப்ட்னர் வேலையை அது செய்யாது.

கடைசியில் மேல் முழுக்க மேட் வார்னிஷ். அதன் பிறகு எது பெயின்ட், எது டீகால் என்று எனக்கே தெரியாது.

அப்புறம், ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தால் துண்டு போட்டுக்கொள்ளலாம், டீகால் பறந்தால் ஷீட் இன்னொன்று வாங்கணும்.

எண்ணெய்க்கறை

ஒண்ணு தொலைந்ததற்கு என் அனுதாபங்கள். நானும் இதே மாதிரி ஒரு எண்ணைத் தொலைத்துவிட்டு, "எதற்கு டீகால், எண் வடிவத்தில் ஓட்டை விட்டு மாஸ்க் வெட்டி பெயின்ட்டே அடித்துவிடலாம்" என்று பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போனேன். "ஏழு மில்லிமீட்டர் உயரத்தில் 131 வெட்டணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன்னாடி டிஎன் வேண்டாமா தம்பி? எந்த ஊர் வண்டி?" என்றார். வண்டி ஜெர்மனி என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

வெட்டித்தான் கொடுத்தார் பாவம். அந்த வினைல் தடிமனுக்கு அவ்வளவு சின்ன எழுத்து நிற்கவில்லை, 3-இன் வயிறு இரண்டும் பிய்ந்து வந்துவிட்டது. மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி புது பிளேடால் கையாலேயே வெட்டினால் 1 வரும், 4 வரும், 3-உம் 8-உம் வரவே வராது.

பனைமரம் பற்றி: ஒட்டிவிடுங்க ப்ரோ. பார்க்க அழகாக இருக்கும். ஆப்பிரிக்கா என்றாலே பனைமரம்தானே.

பழையபெட்டி

பனைமரத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் நிறம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு என்பது பெரிய ஏமாற்று. அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்கவே உறைக்காது, அதில் சிவப்பு எண் கரிக்கட்டை மாதிரி விழும். பான்க்ரோமாட்டிக் ஃபிலிமில் அதே சிவப்பு நடுத்தரச் சாம்பல் ஆகும், பின்னால் இருக்கும் பெயின்ட்டோடு கிட்டத்தட்டக் கலந்துவிடும். ஆக ஒரே டாங்கி, ஒரே எண், ஒரு படத்தில் கறுப்பு, இன்னொன்றில் வெறும் வெள்ளை ஓரம் மட்டும். இதை வைத்து மன்றங்களில் பத்துப் பக்கச் சண்டை நடந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலான டாங்கிகளுக்குத் தீர்ப்பே கிடையாது.

உங்களுக்கு அதிர்ஷ்டம், 131-க்கு உண்டு. அந்த வண்டியே இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் டோர்செட்டில் பவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில், ஓடும் நிலையில். எண் சிவப்பு, வெள்ளை ஓரம். கையேடு சொல்வதுதான் சரி.

எண்ணின் கணக்கு தெரியுமா? முதல் இலக்கம் கம்பெனி என்ற படைப்பிரிவு, இரண்டாவது அதற்குள் இருக்கும் பிளட்டூன் என்ற சிறு குழு, மூன்றாவது அந்தப் பிளட்டூனில் எத்தனையாவது வண்டி. 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் வண்டி, அதாவது பிளட்டூன் தலைவருடையது. 101, 102 என்றால் கம்பெனித் தலைமை. ரெஜிமென்ட் தலைமைக்கு எண்ணுக்கு முன்னால் ஆர், பட்டாலியன் தலைமைக்கு ரோமன் எண். போரின் தொடக்க வருஷங்களில் இந்த எண்ணைச் சின்ன சாய்சதுரத் தகட்டில் எழுதி மாட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. அப்புறம்தான் கோபுரத்தில் பெரிதாக வந்தது. எல்லாப் பிரிவும் இதே கணக்கைப் பின்பற்றவில்லை, அது தனிக்கதை.

உங்கள் வண்டி ஹென்ஷல் ஆலையின் தயாரிப்பு, சேஸிஸ் எண் 250112. 504-வது கனரக டாங்கிப் பட்டாலியனோடு துனீசியா போனது. 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் 48-வது ராயல் டாங்கி ரெஜிமென்ட்டின் சர்ச்சில் டாங்கிகளோடு மோதியபோது ஒரு குண்டு பீரங்கிக் குழலின் அடிப்புறத்தில் உரசி, கோபுர வளையத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. குழுவினர் இறங்கி ஓடிவிட்டார்கள், வண்டி முழுசாகச் சிக்கியது. ரொம்ப நாளாக இது ஏப்ரல் 21, ஜெபல் ஜாஃபா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு நடந்த ஆய்வில் ஏப்ரல் 24, குரியத் எல் அதாஷ் பக்கம் பாயிண்ட் 174 என்ற குன்று என்று மாறியது. ஜூன் மாதம் டியூனிஸ் நகரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரே போய்ப் பார்த்தார். அக்டோபரில் கப்பலேறி இங்கிலாந்து, 1951-இல் அருங்காட்சியகம்.

பெயின்ட் நிறத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வெப்பமண்டல நிறங்களுக்கு 1941 மார்ச்சில் ஒரு உத்தரவு, ரால் என்ற ஜெர்மன் நிறப் பட்டியலின் 8000-உம் 7008-உம். 1942 மார்ச்சில் இன்னொன்று, 8020-உம் 7027-உம். 131-இன் மேல் இருந்தது எது என்று பெரிய ஆட்களே அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மணல் நிறத்தை யாரும் குறை சொல்ல முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பனைமரம். அது ஆப்பிரிக்கா கண்டத்தின் சின்னம் இல்லை, ஆப்பிரிக்கா கோர் என்ற ஒரு படையின் சின்னம். 15-வது, 21-வது பான்ஸர் பிரிவுகள் அதில் இருந்தன, அவற்றின் வண்டிகளில் போடலாம். 504 அந்தப் படையின் உறுப்பு இல்லை. 131-இல் பனைமரம் கிடையாது. ஷீட்டில் இருப்பது வேறு வண்டிக்கு. ஷீட்டில் இருப்பதையெல்லாம் ஒட்ட வேண்டும் என்றால் அது டாங்கி இல்லை, ஊர் பஸ்ஸின் பின்பக்கம்.

சேலம்_ஸ்ப்ரூ

அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஊர் பஸ்ஸின் பின்பக்கம் என்பதைப் படித்துவிட்டு ஷீட்டை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இடப்பக்கம்: ஊசிக் குத்து, சாஃப்ட்னர், நான்கு சுற்று. 3-க்கும் இரண்டாவது 1-க்கும் நடுவில் ஒரு கடுகளவு வெள்ளி மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் மாயமாக மறைந்துவிட்டது. முதல் சுற்றில் டீகால் சுருங்கியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஸ்ருட்காட்_சிவா

வணக்கம் உறவுகளே. அந்தப் பனைமரத்தைப் பற்றி இன்னொரு விடயம் இருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. அதன் அடிமரத்தில் சுவஸ்திகா இருக்கிறது.

நான் ஜேர்மனியில் இருக்கிறேன். இங்கே குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி சுவஸ்திகா, நாஜிகளின் எஸ்எஸ் படை பயன்படுத்திய பழைய ரூன் எழுத்துக்கள் போன்றவற்றைப் பொதுவெளியில் காட்டக் கூடாது. கலை, ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் இவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் கடையில் விற்கிற பிளாஸ்ரிக் கிற் அந்த விதிவிலக்குக்குள் வருமா என்று பரிசோதித்துப் பார்க்க எந்த நிறுவனத்துக்கும் ஆசை இல்லை. அதனால் பெட்டிப் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஷீட்டில் சின்னமே இராது, அல்லது இரண்டு துண்டாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள், வாங்குபவர் சேர்த்து ஒட்டினால் அது அவர் பாடு. விமான வால் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டாங்கியில் இந்தச் சிக்கல் குறைவு. பனைமரத்தை விட்டால், வானிலிருந்து தங்கள் விமானங்கள் அடையாளம் காண எஞ்சின் மேல் விரித்த கொடி, அவ்வளவுதான். டாங்கிக்கு நம்பர் பிளேட் இல்லை, ஆனால் பாரவண்டி, அரைச்சங்கிலி வண்டி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும், எஸ்எஸ் வண்டிகளின் பிளேட்டில் ரூன் எழுத்து வரும்.

நான் இங்கே ஒரு கண்காட்சிக்கு ஒரு மொடல் கொண்டுபோனபோது, வாசலில் இருந்த வயதான மனிதர் பேசாமல் ஒரு சின்ன வெள்ளைக் கடதாசித் துண்டை எடுத்துத் தந்தார். நானும் பேசாமல் ஒட்டினேன்.

எண்ணெய்க்கறை

நம் ஊரில் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே ஸ்வஸ்திக் போடுகிறார்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஸ்ருட்காட்_சிவா

கணக்கு நோட்டில் இருப்பது வேறு, டாங்கியில் இருப்பது வேறு. பார்க்கிறவருக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? என் அம்மாவுக்கு நான் டாங்கி செய்வதே பிடிக்காது. ஊரில் நிஜத்தைப் பார்த்தவர். அவர் வந்து நிற்கும் நாட்களில் அலுமாரியின் அந்தத் தட்டுக்குத் துணி போட்டுவிடுவேன்.

தூரிகை

சிவா சொன்னதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கப் போவதில்லை.

வேறு ஒன்று. புதிதாக வருகிறவர்கள் ஜெர்மன் சிலுவையை, அந்தப் பால்கன்குரோய்ஸை, பளிச்சென்று பெரிதாக ஒட்டத் துடிக்கிறார்கள். 1939 செப்டம்பரில் போலந்துக்குள் போனபோது ஜெர்மன்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். கருஞ்சாம்பல் வண்டி, அதன் மேல் முழு வெள்ளைச் சிலுவை. போலிஷ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காரனுக்கு அதைவிட நல்ல குறி கிடைக்குமா? வெள்ளையின் நடுவில் பார்த்து அடித்தான். குழுவினர் அவசர அவசரமாகச் சேற்றை அள்ளிப் பூசினார்கள், சிலர் ஓரத்தை மட்டும் விட்டு நடுவில் பெயின்ட் அடித்தார்கள். பிரான்ஸ் போகும்போது, 1940-இல், வெள்ளை வெறும் ஓரக்கோடாகச் சுருங்கிவிட்டது. அதாவது நீங்கள் ஒட்டும் சிலுவையின் வடிவமே வருஷத்தைச் சொல்லிவிடும். 1939 வண்டியில் ஓரக்கோட்டுச் சிலுவையும் 1941 வண்டியில் முழு வெள்ளையும் பார்த்தால் எனக்கு மோரில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும்.

போலந்து வண்டி செய்தால் சிலுவையை ஒட்டி முடித்து, அதன் மேல் சேறு பூசுங்கள். அதுதான் உண்மை.

மீனாள்72

அளவையும் பாருங்கள். நிஜத்தில் 25 செ.மீ. உயரச் சிலுவை 1/35-இல் 7 மி.மீ., என் 1/72-இல் மூன்றரை மி.மீ. அந்தக் கணக்கில் நிஜத்தில் இரண்டு செ.மீ. வெள்ளை ஓரம் எனக்குக் கால் மி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சிலுவை நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

(1/35 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி மாடல் ஒன்றைச் செய்தபோது, உள்ளே பேட்டரி கொள்ள வேண்டிய அளவுக்கு உடம்பை வைத்தார்கள், அது 1/35 ஆகிவிட்டது. உலகமே இன்று பேட்டரி அளவில் டாங்கி செய்துகொண்டிருக்கிறது.)

பன்ஸர்பாய்

எனக்கு ஒரு ஹெல்ப். ஜெர்மன் டாங்கித் தளபதி விட்மனோட டைகர் செய்கிறேன். ஹீரோ வண்டி, டீகால் பக்காவாக இருக்கணும். எந்த நம்பர் போடலாம்? 007 இருக்கிறதே, மாஸ் நம்பர்!

பழையபெட்டி

ஜேம்ஸ் பாண்ட் இல்லை தம்பி. அவருடைய பிரிவில் முன்னால் பூஜ்யம் வந்தால் பட்டாலியன் தலைமை வண்டி. 1944 ஆகஸ்ட் 8 அன்று நார்மண்டியில் அவர் இறந்தது அந்த 007-இல்தான். அவருக்குச் சொந்தமான வண்டி என்று ஒன்றை வருஷம் முழுக்க ஓட்டவில்லை. ஆகவே "விட்மன் டைகர்" என்று தேடாதீர்கள். எந்த நாள், எந்த இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், எண் தானாக வரும். பட்டாலியன் சின்னம் கேடயத்துக்குள் குறுக்கிட்ட சாவிகள், வண்டியின் முகப்பில் வரும்.

ஹீரோ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எஸ்எஸ் அதிகாரி. வண்டியைச் செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன். பீடத்தில் பெயர்ப் பலகை வைத்து மாலை போடாதீர்கள்.

பன்ஸர்பாய்

யூடியூப் வீடியோவில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

பழையபெட்டி

வீடியோக்காரருக்கு வியூஸ் வேண்டும். உங்களுக்கும் எனக்கும் டாங்கி போதும்.

எண்ணெய்க்கறை

தலைப்பைவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். என்னிடம் பேந்தர் ஒன்று ஸிம்மெரிட்டோடு இருக்கிறது. உடம்பு முழுக்க வரி வரியாகப் பூச்சு. அதன் மேல் டீகால் எப்படி உட்காரும்? போன வாரம் ஒட்டியது இரண்டு வரிகளுக்கு நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது.

மீனாள்72

தொங்கத்தான் செய்யும் தம்பி. காந்தக் கண்ணிவெடி ஒட்டக் கூடாது என்று 1943-இன் பின்பாதியில் பூச ஆரம்பித்து, 1944 செப்டம்பரில் நிறுத்தினார்கள், குண்டு பட்டால் அந்தப் பூச்சு தீப்பிடிக்கிறது என்று ஒரு பயம் கிளம்பியதால். பயம் வீண் என்று அப்புறம் தெரிந்தது, ஆனாலும் திரும்பப் பூசவில்லை. ஒரு வருஷத்துக்குச் செய்த பூச்சு, நம்மை ஆயுசுக்கும் படுத்துகிறது.

டீகால்தான் வேண்டும் என்றால் கிளாஸ் தாராளமாக, சாஃப்ட்னர் வலுவானதாக. முதல் சுற்றில் டீகால் மிருதுவானதும் பள்ளத்தை ஒட்டிப் புது பிளேடால் மெல்லக் கீறி, ஈரப் பிரஷ்ஷின் பக்கத்தால் தட்டித் தட்டி உள்ளே இறக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஆறேழு சுற்று ஆகும்.

என் யோசனை வேறு. அந்த ஒரு வண்டிக்கு டீகாலை விட்டுவிடுங்கள். நிஜத்திலும் அந்த வரிகளின் மேல் எவனோ ஒரு சிப்பாய் பிரஷ்ஷால் எழுதியதுதான். மேட்டில் பெயின்ட் பிடித்திருக்கும், பள்ளத்தில் விட்டுப்போயிருக்கும், ஓரம் பிசிறடித்திருக்கும். உங்கள் கை நடுங்கினால் இன்னும் நல்லது.

தூரிகை

ஆமோதிக்கிறேன். 505-வது பட்டாலியனின் டைகர் 2 படங்களைப் பாருங்கள், கோபுரத்தில் எண்ணுக்குப் பதில் குதிரை மேல் பாயும் வீரன், எண் பீரங்கிக் குழலில். அந்தக் குதிரை வீரன் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு மாதிரி. கையால் வரைந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சேலம்_ஸ்ப்ரூ

ஒரு சந்தேகம். இந்த ஷீட்டை நான் வாங்கியபோதே மஞ்சளடித்துத்தான் இருந்தது, வெள்ளை ஓரம் எல்லாம் பழைய தந்தம் மாதிரி. மணல் நிறத்தில் தெரியவில்லை, ஆனால் மிச்சமிருக்கும் எண்களை இன்னொரு வண்டிக்கு வைத்துக்கொள்ளலாமா?

பழையபெட்டி

வைத்துக்கொள்ளலாம். ஜிப் வைத்த கவரில் போட்டு, அச்சு வெளியே பார்க்க, ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். வெயில் அந்த மஞ்சளைத் தின்றுவிடும். வெளிநாட்டு ஆட்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதாகச் சொல்வார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் போதும், தினமும் எட்டிப் பாருங்கள். ரொம்ப விட்டால் சிவப்பும் சேர்ந்து வெளுத்துவிடும்.

பழைய ஷீட்டுக்கு இன்னொரு வியாதி உண்டு, தண்ணீரில் போட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கும். முதலில் தேவையில்லாத ஒரு சின்னத்தை வெட்டி முக்கிப் பாருங்கள். அந்தப் பனைமரத்தை! நொறுங்கினால், ஷீட் முழுக்கக் கிளியர் லாக்கர் மெல்லமாக ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் புதுப் படலம் கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும், முன்னால் இருந்த இடைவெளியெல்லாம் இப்போது ஒரே படலம் அல்லவா.

கறுப்புச்சட்டை_கழுகு

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். துனீசியா என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.

இந்த 131 சிக்கிய மூன்றாவது வாரம், 1943 மே 12 அன்று, ஜெர்மன் தளபதி ஃபொன் ஆர்னிம் துனீசியாவில் சரணடைந்தது 4-வது இந்தியப் பிரிவிடம். அந்தப் பிரிவின் சின்னம் கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு. கேரன், எல் அலமெய்ன் என்று ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி வந்த பிரிவு, அதில் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனியும் இருந்தது. கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. நாம் எல்லோரும் டைகருக்கு எண் சிவப்பா கறுப்பா என்று இவ்வளவு தூரம் பேசுகிறோம். பக்கத்தில் வைக்க ஒரு பிரென் கேரியர், அந்தச் சின்ன பிரிட்டிஷ் கவச வண்டி, செய்து, அதில் அந்தச் சிவப்புக் கழுகை ஒட்டிப் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

தூரிகை

இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. கேரியர் கிட் ஒன்று பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. கழுகு டீகால் உங்களிடம் இருக்கிறதா?

கறுப்புச்சட்டை_கழுகு

நானே வரைந்து, வெற்று டீகால் தாளில் பிரிண்ட் எடுத்தேன் சார். ஒன்று மட்டும் கவனம், வீட்டுப் பிரிண்டர் வெள்ளை அச்சிடாது, கறுப்புச் சதுரத்தின் மேல் சிவப்பு நேரடியாக விழுந்தால் கழுகு தெரியாது. வெள்ளைத் தாள் வகை வாங்கி, கறுப்பையும் சிவப்பையும் அதன் மேல் எடுத்து, சதுரத்தின் ஓரத்தோடு வெட்ட வேண்டும். பிரிண்ட் எடுத்ததும் கிளியர் அடிக்காமல் தண்ணீரில் போட்டால் மை கரைந்து ஓடிவிடும். முதல் ஷீட் அப்படித்தான் கரைந்தது. ஒரு ஷீட் மிச்சம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். தனிச்செய்தியில் முகவரி தாருங்கள்.

சேலம்_ஸ்ப்ரூ

எனக்கும் இரண்டு கழுகு ஒதுக்கிவையுங்கள் அண்ணா.

டைகர் முடிந்தது. வலப்பக்கக் கடைசி 1-ஐ இன்னொரு எண் வரிசையிலிருந்து வெட்டி ஒட்டினேன், உயரம் ஒரு மயிரிழை அதிகம். அதை இனி மாற்றப் போவதில்லை. கிளாஸ், செட்டர், சாஃப்ட்னர், மேட், எல்லாம் மீனாள் அக்கா சொன்னபடி. குண்டு உரசிய தழும்பையும் குழலின் அடியில் வைத்திருக்கிறேன், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும். பனைமரத்தைத் தண்ணீரில் முக்கிச் சோதித்தேன். நொறுங்கவில்லை. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, குப்பையில் போட்டாயிற்று.

அப்புறம், தொலைந்த ஒண்ணு கிடைத்துவிட்டது. இன்று காலை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போது காம்பின் உள்பக்கம், காதுக்குச் சற்று முன்னால், வெள்ளை ஓரத்தோடு நேராக ஒட்டியிருந்தது. மேட் பிளாஸ்டிக் காம்பு, கிளாஸ் கோட் கிடையாது, செட்டர் கிடையாது. ஒரு பொட்டு வெள்ளி கூடப் பூக்கவில்லை.